ஸ்காட்லாந்தில் இறையியல் பயிலச் செல்வோருக்கு

மேற்படிப்பிற்காக ஸ்காட்லாந்து செல்ல விரும்பும் ஆயர்களும் இறையியல் மாணவரும் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. எந்தப் பல்கலைக் கழகம் சிறந்தது? உதவித்தொகை பெறுவது எவ்வாறு? இவ்விரண்டிற்கும் விடை கிடைத்துவிட்டால் எஞ்சியவை தாமே அமைந்துவிடும் என்று எண்ணுகின்றனர். ஆனால், இடம் கிடைத்தது என்னும் கடிதம் கைக்கு வந்த நாள் தொடங்கி, அங்கு எழுதிய முதற் கட்டுரை திருத்தப் பெற்றுத் திரும்பி வரும் நாள் வரையிலான ஏழெட்டு மாதங்களிலேயே பலர் தடுமாறுகின்றனர். அக்காலத்தைக் குறித்தே இங்கு எழுத முற்படுகின்றேன்.

ஸ்காட்லாந்தின் தொன்மையான பல்கலைக் கழகங்கள் நான்கு. செயின்ட் ஆண்ட்ரூஸ் 1413-இலும், கிளாஸ்கோ 1451-இலும், அபர்டீன் 1495-இலும் போப்பாண்டவரின் ஆணை பெற்றவை. எடின்பரோ மட்டும் சீர்திருத்தத்திற்குப் பின்னர், 1582-இல் அரசனின் சாசனத்தால் தோன்றியது. நான்கிலும் இறையியல் கற்பிக்கப்படுகின்றது. எடின்பரோவில் அத்துறை இயங்கும் நியூ காலேஜ், 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுற்றபோது வெளியேறிய நானூற்றுக்கும் மேற்பட்ட ஆயர்கள் அமைத்த தன்னுரிமைத் திருச்சபைக்காக 1846-இல் நிறுவப்பட்டது. தாமஸ் சால்மர்ஸ் அதன் முதல் தலைவர். அப்பிளவு நமக்குத் தொலைவான செய்தியன்று. 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அத்தன்னுரிமைத் திருச்சபையின் பக்கமே நின்றார். அப்பள்ளியிலிருந்து வளர்ந்ததே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. சென்னை ஊழியத்தைப் பற்றிய பழைய கடிதங்கள் பல இன்று எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. நம் சபை வரலாற்றை ஆராய விரும்புவோர் அங்கு செல்வதற்கு இதுவே போதிய காரணம் எனலாம்.

பட்டங்களின் பெயர்கள் நம்மவரைக் குழப்பக்கூடும். இத்தொன்மையான பல்கலைக் கழகங்களில் எம்.ஏ. என்பது கலைத் துறையின் முதற் பட்டம். நான்கு ஆண்டுகள் படித்துப் பெறுவது. நாம் முதுகலை என்று கருதுவதற்கு அங்கே எம்.டிஹெச்., எம்.எஸ்ஸி. போன்ற பெயர்கள் வழங்குகின்றன. வகுப்புகள் வழியே பயிலும் எம்.டிஹெச். பன்னிரண்டு மாதப் படிப்பு. செராம்பூர் ஆட்சிக் குழுவின் எம்.டிஹெச். இரண்டாண்டுப் படிப்பாதலால், திரும்பி வந்து கற்பிக்க எண்ணுவோர், தாம் பெறப்போகும் ஓராண்டுப் பட்டம் எவ்வாறு மதிக்கப்படும் என்பதைப் புறப்படும் முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். திரும்பிய பின்னர் கேட்டு வருந்தியவர்கள் உண்டு.

பயண ஆயத்தங்களில் மிகவும் வேதனை தரக்கூடியது குடும்பத்தைப் பற்றியது. முற்காலத்தில் நம் ஆயர்கள் மனைவி மக்களுடன் சென்று தங்கிப் படித்தனர். அவர்கள் பிள்ளைகள் அங்குள்ள பள்ளிகளில் பயின்றனர். 2024 ஜனவரி முதல் அவ்வழி பெரும்பாலோர்க்கு அடைபட்டுவிட்டது. முனைவர் பட்டம் போன்ற ஆராய்ச்சிப் படிப்பிற்குச் செல்வோரே குடும்பத்தினரை மாணவர் விசாவின் சார்பில் அழைத்துச் செல்ல இயலும், ஓராண்டு எம்.டிஹெச். மாணவர் தனியேதான் செல்ல வேண்டும். சில ஆயர்கள் இதனை மனைவிக்குத் தெளிவாகச் சொல்லாமல், “சென்ற பின் பார்த்துக்கொள்வோம்” என்று ஆறுதல் கூறிப் புறப்படுகின்றனர். அங்கு சென்ற பின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஓராண்டுப் பிரிவைத் தாங்க முடியுமா, ஆயர் மனையில் குடும்பம் தொடர்ந்து தங்க அத்தியட்சாதீனம் இசையுமா, முதியோரைக் கவனிப்பவர் யார் என்பனவற்றை உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதும் முன்னரே இருவருமாகப் பேசி முடிவு செய்வதே நேர்மை.

பணக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. கல்விக் கட்டணமும் விசாக் கட்டணமும் யாவரும் எதிர்பார்ப்பவை. மருத்துவச் சேவைக்கென விசாவுடன் முன்கூட்டியே வசூலிக்கப்படும் தொகையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்க்கு அது ஆண்டிற்கு 776 பவுண்டு. படிப்பு ஓராண்டே ஆயினும் விசா சில மாதங்கள் கூடுதலாக வழங்கப்படுவதால், அக்கூடுதல் காலத்திற்கும் சேர்த்தே கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து செல்வோர் காசநோய் இல்லை என்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சான்று பெறவேண்டும். முன்னர் சென்று வந்த மூத்தோரின் அறிவுரை மதிப்புடையதே. ஆயினும் அதில் காலாவதியானவையும் உண்டு. சென்றவுடன் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பார்கள். அம்முறை 2022-இல் நீக்கப்பட்டது. தங்கும் உரிமைக்கான அட்டையைத் தபால் நிலையத்தில் வாங்க வேண்டும் என்பார்கள். அவ்வட்டைக்கு மாற்றாக இன்று மின்வழிப் பதிவே உள்ளது.

நம்முடைய பெயர் முறை சிறு தொல்லையொன்றை உண்டாக்கும். நமக்கு முதலெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் அமைந்துவிடுவதால், அங்குள்ள அலுவலர்கள் மாணவரைத் தந்தையின் பெயராலேயே அழைப்பர். என்னிடம் பயின்ற ஒருவர், மருத்துவமனைக் கூடத்தில் மறைந்துபோன தம் தந்தையின் பெயர் உரக்கக் கூப்பிடப்பட்டபோது ஒரு கணம் எழுந்திருக்க மறந்து உட்கார்ந்திருந்ததாகக் கூறினார். பல்கலைக் கழகக் கடிதம், கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

உறைவிடத்தைப் பொறுத்தவரை, முதலாண்டில் பல்கலைக் கழக விடுதியே நலம். வாடகை சற்று மிகுதியாயினும் வெப்பமூட்டலுக்கும் மின்சாரத்திற்கும் தனியே செலுத்த வேண்டியதில்லை. ஆனால் விடுதி ஒப்பந்தம் குறித்த காலம் முழுவதற்கும் கட்டுப்படுத்தும். இடையில் மனம் மாறினால் எளிதில் வெளியேற முடியாது. தனியார் வீட்டில் குடியேறுவோர்க்கு ஸ்காட்லாந்துச் சட்டம் நல்ல பாதுகாப்பளிக்கின்றது. வீட்டு உரிமையாளர் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பணம் இரண்டு மாத வாடகையை மிஞ்சலாகாது. அதனை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், அங்கீகாரம் பெற்ற காப்புத் திட்டமொன்றில் முப்பது வேலை நாட்களுக்குள் செலுத்த வேண்டும். வீட்டை நேரிற் காணாமல், ஊரிலிருந்தபடியே யாருக்கும் பணம் அனுப்புதல் கூடாது. இவ்வகையில் ஏமாந்தவர்களுள் ஆயர்களும் உண்டு. நல்லெண்ணத்துடன் பிறரை நம்புவது நம் தொழிற் குணம் போலும்! முழுநேர மாணவர் உள்ளாட்சி வரியிலிருந்து விலக்குப் பெறுவர். அதற்கான சான்றைப் பல்கலைக் கழகத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

செப்டம்பரில் சென்று சேர்ந்த முதல் வாரத்திலேயே பல்கலைக் கழகப் பதிவை முடித்து, அருகிலுள்ள மருத்துவரிடமும் பெயரைப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். நோய் வந்த பின் பதிவு செய்யலாம் என்று காத்திருப்பது தவறு. மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்கு ஸ்காட்லாந்தில் 2011 முதல் கட்டணமில்லை. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உடையோர் தம் மருந்துகளின் இரசாயனப் பெயரை இங்குள்ள மருத்துவரிடம் எழுதி வாங்கிச் செல்வது நல்லது. வணிகப் பெயர் அங்குப் பயன்படாது.

குளிரைப் பற்றி அனைவரும் அச்சுறுத்துவர். உண்மையில் எடின்பரோவின் குளிர்காலம் பூஜ்யத்திற்குச் சற்று மேலேயே பெரும்பாலும் நிற்கும். மழையோ சென்னையில் பெய்வதில் ஏறத்தாழ பாதிதான். ஆண்டிற்கு 700 மில்லிமீட்டர் அளவே. ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்துவிடும். அவ்வூர் மழையோ தூறலாகப் பல நாட்கள் தொடரும். காற்றின் வேகத்தில் குடை உடைந்துபோகும். தலையை மூடும் நீர்புகா மேலங்கி ஒன்றும், உட்புறம் அடுக்கி அணியத்தக்க மெல்லிய கம்பளி உடைகளும், நீர் ஊறாத காலணியும் போதும். இவற்றை அங்கேயே வாங்குவது சிறந்தது. இங்குள்ள கடைகளில் விற்கும் குளிராடை நம் ஊட்டிக் குளிருக்கே ஏற்றது.

குளிரினும் கொடியது இருள். அதைப்பற்றி யாரும் முன்னரே சொல்வதில்லை. எடின்பரோ 56 பாகை வட அகலாங்கில் இருக்கின்றது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கு காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். பகல் ஏழு மணி நேரமே. அபர்டீனில் அதனினும் குறைவு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்படும். அன்று மாலை திடீரென இரவு வந்துவிட்டாற்போல் தோன்றும். பன்னிரண்டு மணி நேரப் பகலிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இது உடலையும் உள்ளத்தையும் தாக்கும். எழ மனமின்மை, படிப்பில் நாட்டமின்மை, காரணமற்ற கண்ணீர் ஆகியவை நவம்பரில் தோன்றினால், அதைத் தம் விசுவாசக் குறைவாக எண்ணி ஒருவர் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்ளலாகாது. நண்பகலில் அரை மணி நேரம் வெளியில் நடக்க வேண்டும். மாநிறத்தாரும் கருநிறத்தாரும் ஆண்டு முழுவதும் வைட்டமின் டி உட்கொள்வது பற்றிச் சிந்திக்குமாறு அந்நாட்டு அரசே அறிவுறுத்துகின்றது. துயரம் நீடித்தால் மருத்துவரிடமும் பல்கலைக் கழக ஆலோசகரிடமும் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. பிறருக்கு ஆறுதல் கூறிப் பழகிய ஆயர்களுக்கே இது கடினமாக இருப்பதைக் கண்டிருக்கின்றேன்.

இனிப் படிப்பு முறைக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இப்பகுதிதான்.

எனக்குத் தெரிந்த இளம் ஆயர் ஒருவர், கல்லூரியில் முதல் மாணவராகத் தேறியவர், அங்கே தம் முதற் கட்டுரையை மிகுந்த உழைப்புடன் எழுதிக் கொடுத்தார். ரோமர் நிருபத்தின் ஒரு பகுதியைப் பற்றியது அது. மூன்று பெரும் விளக்கவுரைகளைக் கருத்தூன்றிப் படித்து, அவற்றின் வாக்கியங்களைச் சிறிது மாற்றியும் மாற்றாமலும் கோவையாக இணைத்திருந்தார். இறுதியில் அந்நூல்களின் பெயர்களையும் குறித்திருந்தார். இரண்டு வாரத்தில் அவருக்கு வந்தது மதிப்பெண்ணன்று. பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டினார் என்னும் குற்றச்சாட்டிற்கு விளக்கம் தருமாறு ஓர் அழைப்பு. அன்றிரவு அவர் எனக்குத் தொலைபேசியில் பேசியபோது, “ஐயா, நான் திருடனா?” என்று கேட்டார்.

அவர் திருடர் அல்லர். நாம் கற்பித்ததையே அவர் செய்தார். ஆசிரியரின் சொல்லைப் பிசகாமல் ஒப்புவிப்பது நம்மிடம் பணிவின் அடையாளம். அறிஞரின் வாக்கியத்தை அப்படியே எடுத்தாள்வது அவர்க்குச் செய்யும் மரியாதை. நம் தேர்வுத்தாள்களிலும் குறிப்பேட்டின் சொற்களைத் திருப்பித் தருவோர்க்கே மிகுந்த மதிப்பெண் இட்டு வருகின்றோம். அங்கேயோ, ஒருவருடைய வாக்கியத்தை எடுத்தால் மேற்கோள் குறியிட்டுப் பக்க எண் தர வேண்டும். கருத்தை மட்டும் எடுத்தாலும், அது யாருடையது என்பதை அதே இடத்தில் குறிக்க வேண்டும். நூலின் பெயரை இறுதியில் எழுதிவிடுவது போதாது. கட்டுரைகள் கணினியின் துணையால் ஒப்பிட்டுப் பார்க்கப்படுவதால், தற்செயலாக நேர்ந்ததும் வெளிப்பட்டுவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதுவது குறித்தும் ஒவ்வொரு துறையும் விதிகள் வகுத்துள்ளது. அவற்றை முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டும். அவ்வாயரின் விளக்கம் ஏற்கப்பட்டு, கட்டுரையை மீண்டும் எழுத அவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது. யாவர்க்கும் அவ்வாறு முடிவதில்லை. நம் இறையியற் கல்லூரிகள் இளநிலையின் முதலாண்டிலேயே இதனைக் கற்பிக்காமல், மாணவரை அயல்நாட்டிற்கு அனுப்பிவிட்டு அவரைக் குறைகூறுவது முறையாகுமா?

சிறுகுழு வகுப்புகளிலும் இதே சிக்கலின் மறுபக்கம் தென்படும். பத்துப் பன்னிரண்டு மாணவர் வட்டமாக அமர்ந்து, முன்னரே படித்துவந்த பகுதியை விவாதிப்பர். நாம் மரியாதை நிமித்தம் வாளாவிருப்போம். ஆசிரியரோ நாம் படிக்காமல் வந்ததாக எண்ணிவிடுவார். ஐயமொன்றை எழுப்பினாலே போதும், அது பங்கெடுப்பாகக் கொள்ளப்படும். “கால்வின் கூறியது என்ன?” என்பதோடு அங்கு நிறுத்துவதில்லை, “அது சரியா, உம் கருத்து என்ன?” என்று கேட்பர். பேராசிரியரை முதற்பெயரால் அழைக்குமாறு அவரே சொல்வார். நம் நாவிற்கு அது எளிதில் வராது. சில மாதங்கள் பெயரே சொல்லாமல் பேசிச் சமாளித்தவர்களை நான் அறிவேன்.

மதிப்பெண்ணைக் கண்டு கலங்குதலும் வேண்டா. நூற்றுக்கு எழுபது அங்கே முதல் வகுப்பு. அறுபத்திரண்டு நல்ல மதிப்பெண். செயின்ட் ஆண்ட்ரூஸில் இருபதிற்கும், கிளாஸ்கோவில் இருபத்திரண்டிற்கும் இடுவர். இங்கே எண்பத்தைந்து வாங்கியவர் அங்கே அறுபது கண்டு, இரண்டு நாட்கள் உணவருந்தாமல் இருந்தார் என்றும் கேள்விப்பட்டதுண்டு.

மொழியைப் பற்றிச் சிறிது. ஆங்கிலத் தேர்வில் வெற்றி பெற்றோரும் கிளாஸ்கோவின் பேருந்து நிறுத்தத்தில் திகைத்து நிற்பர். சிறியது யாவும் அவர்களுக்கு ‘வீ’. ஆம் என்பது ‘ஐ’. ‘மெஸேஜஸ்’ என்றால் கடைச் சாமான். ‘எங்கே ஸ்டே பண்ணுகிறீர்கள்?’ என்பது தற்காலிகத் தங்கலைக் குறித்த கேள்வியன்று. குடியிருப்பதையே அவ்வாறு சொல்வர். ‘ஹாஃப் செவன்’ என்றால் ஆறரையா ஏழரையா என்று பிற ஐரோப்பிய மாணவர் குழம்புவர். தமிழர்க்கு அக்குழப்பம் வேண்டியதில்லை; ஏழும் அரையும் சேர்ந்த நம் ஏழரையேதான் அது. புரியாதபோது திரும்பக் கேட்டால் அவர்கள் சினப்பதில்லை.

திருச்சபையின் நிலை நம் மாணவரை அதிரச் செய்யும். நற்செய்தியாளரை நமக்கு அனுப்பிய நாடு என்னும் எண்ணத்தோடு சென்று, ஞாயிறன்று எழுநூறு பேர் அமரத்தக்க ஆலயத்தில் நாற்பது முதியோரைக் காண்பர். 1950-களில் ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் உறுப்பினரைக் கொண்டிருந்த ஸ்காட்லாந்துத் திருச்சபையில் இன்று மூன்று இலட்சத்திற்கும் குறைவானவரே உள்ளனர். 2022-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் தமக்குச் சமயம் இல்லை என்றனர். எடின்பரோ நகரில் உயரமான கோபுரத்தையுடைய ஆலயமொன்று இன்று கலைவிழா அலுவலகமாக உள்ளது. இதைக் கண்டு ஏளனம் செய்வோரும் நம்மில் உண்டு. “அவர்கள் விழுந்தார்கள், நாம் நிற்கின்றோம்” என்று ஊருக்கு எழுதுவோர் உண்டு. நான் அதனை ஒப்பவில்லை. அந்நாற்பது பேரே நகரின் ஏழைகட்கு உணவுப் பொருள் திரட்டுகின்றனர். அகதிகளுக்கு மொழி கற்பிக்கின்றனர். குறைந்த எண்ணிக்கையில் ஒரு சபை எவ்வாறு உயிர்வாழ்கின்றது என்பதைக் கற்க வேண்டுமாயின் அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய இசைவில்லை. அருளுரைக்கெனக் காணிக்கை அளிக்கப்படின், அதைப் பெறும் முன் பல்கலைக் கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நியூ காலேஜை ஒட்டிய பொதுப்பேரவை மண்டபத்தில்தான் 1910 ஜூனில் உலக நற்செய்தி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் ஆசியர் இருபதுக்கும் குறைவு. அவர்களுள் ஒருவர், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. அவர் அங்கே எழுந்து, மேல்நாட்டு ஊழியரின் தியாகங்களை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, அவர்கள் இந்தியருக்கு இன்னும் தராதிருப்பது நட்பே என்று சொன்னார்; அவையோர் பலர் அதனை விரும்பவில்லை. இன்று அம்மண்டபத்தின் அருகே படிக்கச் செல்லும் நம் மாணவர், தம் நாட்டினர் அறையிலேயே சமைத்து உண்டு, தம் மொழியிலேயே பேசி, ஞாயிறுதோறும் தமிழ் ஜெபக்கூட்டத்திற்கு மட்டுமே சென்று திரும்பி வந்துவிடுவாராயின், நட்பைத் தராதவர் யார் என்னும் கேள்வி திசை மாறிவிடுகின்றது. தமிழ்க் கூட்டம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. அதனுடன் அவ்வூர்ச் சபையொன்றிலும் தொடர்ந்து அமர்ந்திருத்தல் வேண்டும் என்பதே.

செயின்ட் ஆண்ட்ரூஸ் செல்வோர்க்கு ஒரு வார்த்தை. அங்கு செயின்ட் சால்வேட்டர் கல்லூரி வாயிலின் முன், பாதைக் கற்களில் இரண்டு எழுத்துக்கள் பதிக்கப்பட்டுள்ளன. 1528 பிப்ரவரி 29 அன்று, லூத்தரின் போதனையைப் பரப்பியதற்காக எரிக்கப்பட்ட இளைஞர் பாட்ரிக் ஹாமில்டனின் முதலெழுத்துக்கள் அவை. அவற்றை மிதிப்பவர் தேர்வில் தோற்பார் என்று மாணவர் நம்புகின்றனர். சீர்திருத்தத்தின் இரத்த சாட்சியைச் சுற்றியே ஒரு மூடநம்பிக்கை வளர்ந்திருப்பது வேடிக்கையே. ஆயினும் நம் இறையியல் மாணவரும் சற்று விலகியே நடப்பதாகக் கேள்வி! திருநாட்களை ஒதுக்கிய சபையின் நாட்டில், அங்குள்ள கல்விப் பருவங்கள் இன்றும் மார்ட்டின் திருநாள், மெழுகுவர்த்தித் திருநாள் என்னும் பழம்பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

அச்சபை கிறிஸ்துமஸையும் நெடுங்காலம் கொண்டாடவில்லை. 1958-இல்தான் அது ஸ்காட்லாந்தில் பொது விடுமுறையாயிற்று. இன்று யாவரும் கொண்டாடுகின்றனர். ஆனால் வீட்டிற்குள்ளே, குடும்பத்தோடு. டிசம்பர் நடுவில் வகுப்புகள் முடிந்தவுடன் விடுதி காலியாகிவிடும். நம் ஊரில் விடிவதற்கு முன்பே பாடகர் குழு தெருவெங்கும் பாடி வரும் அந்நாளில், நம் மாணவர் ஒருவர் இருண்ட மாடியறையில் தனியே அமர்ந்திருப்பார். ஆகவே நவம்பரிலேயே, விழாவிற்குத் தங்கும் மாணவர் பட்டியலில் தம் பெயரையும் சேர்க்குமாறு பல்கலைக் கழகக் குருவானவரிடம் சொல்லிவிட வேண்டும். சபையார் எவரேனும் விருந்திற்கு அழைத்தால், உபசாரத்திற்காக முதலில் மறுத்து மீண்டும் அழைக்கட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. மறுத்தால் உண்மையிலேயே வர விரும்பவில்லை என்று விட்டுவிடுவர். அன்று இரயில்கள் ஓடா. பேருந்துகளும் மிகச் சில. ஆலயத்திற்கும் அழைத்தவர் இல்லத்திற்கும் நடந்து செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதை முந்தின நாள் வெளிச்சத்திலேயே நடந்து பார்த்துவிடுவது நல்லது.